நைனா பேரில் பறந்த மைல்கள்

உலகநாதன் என்று ஒருவர் விமானத்தில் போனதாக அந்த விமானக் கம்பெனியின் கம்ப்யூட்டரில் பதிவே கிடையாது. மெட்ராசுக்கும் கல்கத்தாவுக்குமாக அத்தனை தடவை பறந்தவர், அவர்கள் கணக்குப்படி, அவருடைய அப்பா தேவராஜ்தான். ஆவடி டாங்க் பேக்டரியில் வேலை பார்த்து ரிட்டையராகி, கோவில்பதாகையில் முழங்கால் வலியோடு உட்கார்ந்திருந்த தேவராஜோ மீனம்பாக்கம் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை.

எல்லாம் இனிஷியல் செய்த வேலை.

உலகநாதன் அம்பத்தூர் எஸ்டேட்டில் தேயிலை பாக்கெட் போடும் மெஷின் செய்கிற கம்பெனியில் மெக்கானிக்காக இருந்தார். புது மெஷினைக் கொண்டுபோய் மாட்டிவிட்டு வருவதென்றால் ரயில். ஓடிக்கொண்டிருந்த மெஷின் நின்றுபோனால் விமானம். மெஷின் நின்ற ஒவ்வொரு நாளும் கல்கத்தா தேயிலைக்காரருக்கு நஷ்டம் என்பதால் டிக்கெட்டை அவரே எடுத்து அனுப்பிவிடுவார். உலகநாதன் சலவைச் சட்டையை எடுத்து மாட்டினாலே தாட்சாயிணி, "இன்னா, கல்கத்தா மெஷினு படுத்துகிச்சா?" என்று கேட்பாள்.

தனியார் விமானக் கம்பெனிகள் புதிதாக வந்திருந்த சமயம் அது. அடிக்கடி பறப்பவர்களுக்கு ஒரு அட்டை கொடுத்தார்கள். பறந்த தூரத்தை மைல் மைலாகச் சேர்த்து வைத்தால், சேர்ந்த மைலுக்கு ஈடாக இலவச இருக்கை தருவார்கள். விண்ணப்பத்தில் பெயருக்கு ஒரு கட்டம், குடும்பப் பெயருக்கு ஒரு கட்டம். நம் பக்கத்தில் ஏது குடும்பப் பெயர்? இரண்டாவது கட்டம் காலியாக இருந்தால் கம்ப்யூட்டர் ஏற்காது என்று சொல்லிவிட்டார்கள். உலகநாதன் தன் இனிஷியலை விரித்து, தேவராஜ் என்று எழுதிக் கொடுத்தார். அட்டை வந்தது. மிஸ்டர் யு. தேவராஜ் என்று அதில் பளபளவென்று அச்சடித்திருந்தது. அன்று முதல் விமானத்தில் எல்லோரும் அவரை மிஸ்டர் தேவராஜ் என்றுதான் கூப்பிட்டார்கள்.

அதை வைத்துக்கொண்டு வீட்டில் ஒரே கூத்து.

"நைனா, நேத்து உனக்கு ஜன்னல் ஓரமா சீட்டு குட்த்தாங்க."

"அப்டியா? துன்றதுக்கு இன்னா குட்த்தான்?"

"மிஸ்டர் தேவராஜ், கோழி வேணுமா, காய்கறி வேணுமான்னு கேட்டுச்சு அந்தப் பொண்ணு. உனுக்குக் கோழிதான் புடிக்கும்னு கோழியே வாங்கிட்டேன்."

"எம் பேரச் சொல்லி வாங்கி, நீ துன்ட்டு, எங்கிட்டயே வந்து கதை சொல்றியா? ஏம்மா தாட்சா, இவன் செய்யறது நாயமா?"

"நீங்களாச்சும் பேருக்குப் போய்ட்டு வந்தீங்க மாமா," என்பாள் தாட்சாயிணி. "நான் பூந்தமல்லி தாண்டிப் பாத்ததில்ல."

"இரு, மூணு சீட்டுக்குச் சேரட்டும்," என்பார் உலகநாதன். "நைனா, நீ, நான். ஒண்ணா ஏறிப் போலாம்." பிள்ளைகள் இல்லாத வீடு. அவர்கள் மூன்று பேர்தான் குடும்பம்.

மூன்றாவது இருக்கைக்கு மைல் சேரவில்லை. தை பிறந்த சில நாளில் கல்கத்தாத் தேயிலைக் கிடங்கில், தான் பிரித்துப் போட்ட மெஷின் பக்கத்திலேயே உலகநாதன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. அவருக்குக் கீழே வேலை கற்றுக்கொண்ட கஜபதி போய், உடலைக் கொண்டுவந்து சேர்த்தான்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு ஒரு நாள் கஜபதி தாட்சாயிணி முன்னால் தரையில் உட்கார்ந்து சொன்னான்.

"அண்ணி, அங்க ஒரு அம்மா கீது. பாக்கெட்டு ஒட்டுற ஹால்ல வேலை செய்யுது. அண்ணன் உய்ந்ததும் ஓடியாந்து தூக்கினது அதுதானாம். ஆஸ்பத்திரி போற வரிக்கும் வேன்ல தலைய மடியில வெச்சுகினு போயிருக்குது. நான் போய்ச் சேர்ற வரிக்கும் அண்ணனை வுட்டு நவுரல. வூட்டுக்குப் போன்னு எல்லாரும் சொன்னாங்களாம், போவல. அது பேசறது எனுக்குப் புரியல. கும்பிட்டேன், அவ்ளதான்."

"பேர் கேட்டியா?"

"நிருபமான்னு சொன்னாங்க."

அன்று முதல் தாட்சாயிணிக்கு அந்தப் பெயர் மனசை விட்டுப் போகவில்லை. அடுப்பில் உலை கொதிக்கும்போதும் தையல் மெஷினில் ரவிக்கைத் துணி ஓடும்போதும் நிருபமா என்று ஒருத்தி எங்கோ உட்கார்ந்து பாக்கெட் ஒட்டிக்கொண்டிருந்தாள். கட்டிய மனைவி பக்கத்தில் இல்லாத நேரத்தில் அந்த இடத்தில் யாரோ ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள். போய் அவள் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். என்ன பேசுவது என்பது தெரியாது. போக வேண்டும் என்பது மட்டும் தெரிந்தது.

கிழவர் தேவராஜுக்கும் அதே நினைப்பு. "எம் புள்ள தலைய மடியில ஏந்தினவம்மா அவ. கால்ல உய்ந்து கும்பிட்டு வந்தாத்தான் எனுக்கு சோறு எறங்கும்," என்றார்.

ரயிலில் போகலாம். ஆனால் ஒரு ராத்திரியும் ஒரு பகலும் அவருடைய முழங்கால் தாங்காது. ரயில் கக்கூசில் குந்த முடியாது. அவரைத் தனியாக விட்டுவிட்டுத் தாட்சாயிணியும் போக முடியாது. அப்போதுதான் கஜபதிக்கு அட்டை ஞாபகம் வந்தது. விசாரித்துக்கொண்டு வந்தான். மூன்று இருக்கைக்குப் போதாமல் நின்றிருந்த மைல், இரண்டு இருக்கைக்குப் போதுமாம்.

"ஆனா ஒண்ணு, அண்ணி. மெம்பர் செத்துட்டார்னு சொன்னா மைலு காலி. மூச்சு வுடக்கூடாது."

"பின்னே யார் போய்க் கேக்கறது?"

"இன்னா அண்ணி இப்டி கேக்கற? அட்டை யாரு பேர்ல கீது? மிஸ்டர் தேவராஜ். இதோ குந்தினு கீறாரே, இவரு யாரு? மிஸ்டர் தேவராஜ். ஆளைக் கூட்டிகினு போய் நிறுத்தினா முட்ஞ்சுது மேட்டரு."

"பொய்யில்லையாடா அது?"

"எங்க பொய்யி? நைனா, உன் பேரு தேவராஜா இல்லியா?"

"பொறந்ததுலேருந்து தேவராஜ்தான்," என்றார் கிழவர். அவருக்கு அந்த யோசனை பிடித்திருந்தது. தாட்சாயிணிக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் வேறு வழி தெரியாமல் கிளம்பினாள்.

ஆவடியிலிருந்து மின்சார ரயிலேறி, இறங்கி, ஆட்டோ பிடித்து எழும்பூரில் இருந்த அந்த அலுவலகத்துக்குப் போனார்கள். உள்ளே ஏசி சில்லென்று இருந்தது. கிழவர் கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையில், ஓய்வு பெற்ற அன்று போட்டோ எடுத்துக்கொண்ட மாதிரி விறைப்பாக உட்கார்ந்திருந்தார். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த இளம்பெண்ணின் சட்டையில் ஜமீலா என்று பெயர் குத்தியிருந்தது. அட்டையை வாங்கிக் கம்ப்யூட்டரில் தட்டினாள்.

"மிஸ்டர் தேவராஜ்?"

"நான்தாம்மா."

"வணக்கம் சார். நிறைய மைல் வெச்சிருக்கீங்க. யார் யாருக்கு டிக்கெட்?"

"எனுக்கும் எம் மருமவளுக்கும்."

"உங்க முழுப் பேரு சொல்லுங்க சார்."

"அதான் சொன்னனே. தேவராஜ்."

"இனிஷியலோட."

"சி. தேவராஜ். சின்னசாமி மவன் தேவராஜ்," என்றார் கிழவர் பெருமையாக. கஜபதி கண்ணை மூடிக்கொண்டான்.

ஜமீலா திரையைப் பார்த்தாள். கிழவரைப் பார்த்தாள். "இங்க யுன்னு இருக்கே சார். நம்ம ஊர்க்காரங்க எல்லாரும் அப்பா பேரைத்தான் குடும்பப் பேர்னு எழுதறாங்க. அப்படிப் பாத்தா உங்க பேரு தேவராஜ்னா, எங்க கணக்குல நீங்க மிஸ்டர் சின்னசாமியா இல்ல இருக்கணும்?"

"எங்கப்பனா?" கிழவர் வாய் விட்டுச் சிரித்துவிட்டார். "அந்தாளு கழனிச் சேத்துலயே நின்னு காலம் தள்ளினவரும்மா. மேல பிளேனு போனா நெத்தியில கைய வெச்சுகினு அது மறையற வரிக்கும் பாப்பாரு. அவரையும் ஏத்திட்டியா நீ?"

ஜமீலாவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே, "அப்போ இந்த யு. யாரு சார்? உங்க பையனா?" என்று கேட்டாள்.

கிழவர் வாயைத் திறந்தார். கஜபதி ஏதோ சொல்ல வந்தான். அதற்குள் தாட்சாயிணி பேசினாள்.

"என் வீட்டுக்காரர்மா. உலகநாதன். தை மாசம் தவறிட்டார். இவர் அவரோட அப்பா. அட்டையில இருக்கறது இவர் பேரு, பறந்தது அவரு. மறைச்சுக் கேக்கலாம்னுதான் வந்தோம். எனக்கு வாய் வரல."

கஜபதி ஏசி மெஷினை ஏறெடுத்துப் பார்த்து, அதில் ஏதோ பழுது இருப்பதுபோல ஆராய ஆரம்பித்தான்.

அந்தப் பெண் முடியாது என்று ஒரே வார்த்தையில் அனுப்பியிருக்கலாம். அனுப்பவில்லை. "எதுக்கும்மா கல்கத்தா போறீங்க?" என்று கேட்டாள். தாட்சாயிணி சொன்னாள். வேன், மடி, நிருபமா என்ற பெயர், கிழவரின் முழங்கால் எல்லாவற்றையும் சொன்னாள். ஜமீலா பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்.

"மெம்பர் இறந்துட்டா மைல் போயிடும்னுதான் எங்களுக்குச் சொல்லிக் குடுத்தாங்க. ஆனா வாரிசுக்குக் குடுக்கறதா வேணாமான்னு பம்பாய் ஆபீஸ் முடிவு பண்ணலாம். இதுவரைக்கும் யாரும் வந்து கேட்டதில்ல, அதனால நாங்களும் கேட்டுப் பாத்ததில்ல. நான் கேக்கறேன். இப்ப நீங்க சொன்னதை அப்படியே எழுதறேன். உங்க போன் நம்பர் குடுங்க."

பக்கத்து வீட்டு அன்னம்மாள் வீட்டு எண்ணைக் கொடுத்து, "பிபி நம்பர்மா, கூப்பிட்டா ஓடி வந்துடுவேன்," என்றாள் தாட்சாயிணி.

வெளியே வந்ததும் கஜபதி தலையில் அடித்துக்கொண்டான். "நைனா, உன்னை யாரு உங்கப்பன் பேரை இழுக்கச் சொன்னது?"

"இனிஷியலைக் கேட்டா இன்னாடா சொல்லுவாங்க? அப்பனை மாத்திச் சொல்லச் சொல்றியா?" என்றார் கிழவர்.

பிறகு நாள் போய்க்கொண்டே இருந்தது. அன்னம்மாள் வீட்டில் மணி அடிக்கும்போதெல்லாம் தாட்சாயிணி தையலை நிறுத்திக் காது கொடுத்தாள். "மைலு மைலுன்றியே, ரோட்டோரம் நட்டு வெச்சிருக்கானே, அந்த மைலாடி?" என்று கேட்டாள் அன்னம்மாள். "அத்த எப்டிச் சேத்து வெப்பாங்க?" எப்படி என்று தாட்சாயிணிக்கும் சொல்லத் தெரியவில்லை. வீட்டை விட்டுத் தூரத்தில் அவர் இருந்த நேரமெல்லாம்தான் அப்படிச் சேர்ந்திருக்கிறது என்று அவளுக்குத் தோன்றியது. அதை அன்னம்மாளிடம் சொல்லவில்லை.

புரட்டாசியில் ஜமீலா கூப்பிட்டாள். குரலில் மூச்சு வாங்கியது. "குடுத்துட்டாங்கம்மா! இந்த ஒரு தடவைக்கு மட்டும்னு அனுமதி வந்திருக்கு."

தாட்சாயிணி அன்னம்மாள் வீட்டுச் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"ஆனா ஒரு சிக்கல். மைலுக்குத் தர்ற சீட்டு ஒவ்வொரு விமானத்துலயும் கொஞ்சம்தான் ஒதுக்குவாங்க. ஒரு சீட்டு இருக்கற நாள் நிறைய இருக்கு. ரெண்டும் சேந்தாப்ல கிடைக்க மாட்டேங்குது. நானும் தினம் பாக்கறேன். ஒரே ஒரு நாள்தான் இருக்கு. சொல்லவே தயக்கமா இருக்கும்மா. தீபாவளி அன்னிக்குக் காலையில."

"அதுக்கென்னம்மா," என்றாள் தாட்சாயிணி. "எங்களுக்கு இந்த வருஷம் தீபாவளி இல்ல. அதையே போடுங்க."

சாவு விழுந்த வீட்டில் ஒரு வருஷத்துக்குப் பண்டிகை இல்லை என்பது ஜமீலாவுக்குத் தெரிந்திருந்ததோ இல்லையோ, அந்த நாளையே கம்ப்யூட்டரில் தட்டினாள். பிறகு, "ரெண்டு பேருக்கும் பக்கத்துப் பக்கத்துல போட்டுடறேன்," என்றாள்.

தீபாவளியன்று ஊரெல்லாம் வெடிச் சத்தம். தெருவில் காகிதக் குப்பை. எண்ணெய் தேய்த்துக் குளித்த ஈரத் தலையோடு கஜபதி ஆட்டோ கொண்டுவந்து நிறுத்தினான். அன்னம்மாள் வாசல் வரை வந்து, "பத்திரமா போய்ட்டு வாடி. அந்தப் பொம்பளைக்கு நானும் கும்பிட்டேன்னு சொல்லு," என்றாள்.

மீனம்பாக்கத்தில் கையில் கொடுத்த போர்டிங் அட்டையைத் தாட்சாயிணி திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவளுடைய பெயரின் முதல் எழுத்து மட்டும் ஒண்டிக்கொண்டிருக்க, குடும்பப் பெயர் இடத்தில் உலகநாதன் என்ற பெயர் முழுசாக அச்சாகியிருந்தது. அத்தனை தடவை பறந்தவரின் பெயர் அந்த விமானத்தில் ஏறியது அன்றைக்குத்தான். அவள் அந்த அட்டையைக் கைப்பைக்குள் வைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

விமானம் முக்கால்வாசி காலி. பணிப்பெண் வந்து குனிந்து, "மிஸ்டர் சின்னசாமி?" என்றாள். கிழவர் யாரையோ கூப்பிடுகிறாள் என்று ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். தாட்சாயிணி முழங்கையால் இடித்தாள்.

"ஆமாம்மா, கீறேன், கீறேன்," என்று நிமிர்ந்தார்.

கோழி வாங்கிச் சாப்பிட்டார். "அவன் சொன்ன மாரி ருசியா இல்லியே," என்றார். ஆனால் தட்டில் ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை. வெளியே வெள்ளை மேகத்தைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, "நல்லாத்தான் போய் வந்துகினு இருந்திருக்கான்," என்றார். அவர் தோளில் போட்டிருந்த துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டதைத் தாட்சாயிணி பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தாள்.

கஜபதி போன் போட்டுச் சொல்லியிருந்ததால் கிடங்கின் வேன் டிரைவர் ஏர்போர்ட்டில் நின்றிருந்தார். மறுநாள் காளி பூஜை என்பதால் அன்று அரை நாள்தான் வேலையாம். நிருபமாவின் வீட்டுக்கே கூட்டிப் போனார். துறைமுகம் பக்கம் ஒடுக்கமான சந்து. வாசல்படியில் மண் அகல்கள் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. கதவைத் திறந்தவளுக்கு ஐம்பது வயது இருக்கும். பாக்கெட் ஒட்டுகிற பசை விரல் நுனிகளில் வெள்ளை வெள்ளையாக உரிந்திருந்தது.

டிரைவர் வங்காள மொழியில் ஏதோ சொன்னார். கிழவர் குனிந்து காலைத் தொடப் போனார். முழங்கால் மடங்கவில்லை. அவள் பதறிப்போய் அவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். பிறகு தாட்சாயிணி பக்கம் திரும்பினாள். அவள் முகத்தையே பார்த்தாள். மெதுவாகக் கேட்டாள்.

"தண்ணி?"

காலையிலிருந்து பயணம், நாக்கு வறண்டிருந்தது. தமிழில் கேட்கிறாளே என்ற ஆச்சரியத்தோடு தாட்சாயிணி தலையை ஆட்டினாள். "ஆமாம்மா. தண்ணி."

அவ்வளவுதான். அந்த அம்மாள் அவள் முகத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டாள். "தண்ணி! தண்ணி!" என்று அக்கம்பக்கத்தைக் கூவி அழைத்தாள். நாலைந்து பெண்கள் ஓடி வந்தார்கள். ஒருத்தர் கையிலும் சொம்பு இல்லை. எல்லோரும் தாட்சாயிணியைப் பார்த்து, "தண்ணி, தண்ணி," என்று சொல்லிக் கன்னத்தைத் தொட்டார்கள்.

பேக்டரியில் வடக்கத்திக்காரர்களோடு வேலை பார்த்ததில் கிழவருக்குக் கொஞ்சம் இந்தி வரும். நிருபமாவுக்கும் அரைகுறையாக வரும். இருவரும் திக்கித் திக்கிப் பேசிக்கொண்டார்கள். கிழவர் கேட்டுக் கேட்டுத் தமிழில் சொன்னார்.

"வேன்ல மடியில படுத்துகினு இருக்கசொல்லோ, தண்ணி தண்ணின்னு சொல்லிகினே இருந்தானாம். இவுங்க ஊர்ல பொண்ணுங்களுக்கு அப்டி ஒரு பேரு கீதாம். பொஞ்சாதியத்தான் கூப்புடறான்னு இவங்க நென்ச்சாங்களாம். அந்தப் பேரை இவங்களும் திருப்பித் திருப்பிச் சொன்னாங்களாம், தெம்பு வரட்டும்னு."

தாட்சாயிணி கிழவர் பக்கம் திரும்பினாள். "குடிக்கக் குடுத்தாங்களான்னு கேளுங்க மாமா."

கிழவர் கேட்டார். நிருபமா செய்து காட்டினாள். இடது கை ஒரு தலையைத் தாங்கியது. வலது கை, இல்லாத ஒரு டம்ளரைச் சாய்த்தது. கொஞ்சம். நிறுத்தி, மறுபடி கொஞ்சம். புடவைத் தலைப்பால் ஒரு வாயைத் துடைத்தாள். டம்ளர் காலியானதும் டிரைவரின் பாட்டிலைப் பிடுங்கியதையும் காட்டினாள். அதன் பிறகு கண் மூடியதாம். அப்போதும் ஒரு தடவை அந்தப் பெயரைச் சொன்னாராம்.

கிழவர் நிமிர்ந்தார். "நஹி பஹன், தண்ணி மத்லப்..." என்று அதன் அர்த்தத்தைச் சொல்ல ஆரம்பித்தார்.

தாட்சாயிணி அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். "வேணாம் மாமா."

"அது தப்பா நென்ச்சுகினு கீதேம்மா."

"நெனைச்சுக்கட்டும். அவர் கேட்டது கெடைச்சுது மாமா. புரியாமலே குடுத்திருக்காங்க. வேற என்ன வேணும் நமக்கு?"

கிழவர் அவளைப் பார்த்தார். பிறகு நிருபமாவைப் பார்த்துக் கை கூப்பினார். இந்த முறை அவள் தடுக்கவில்லை.

தாட்சாயிணி கொண்டுவந்திருந்த சுங்குடிப் புடவையைக் கொடுத்தாள். நிருபமாவின் பசை உரிந்த விரல்களை எடுத்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அதற்கு எந்த பாஷையும் தேவைப்படவில்லை.

பொழுது சாய்ந்தது. காளி பூஜைக்கு முந்தின சாயங்காலம் இறந்துபோன முன்னோர்களுக்காக விளக்கு ஏற்றுவது அந்த ஊர் வழக்கம் என்று டிரைவர் சொன்னார். சந்து முழுக்க வாசல்களில் பெண்கள் அகலுக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். கிழவர் படியில் காலை நீட்டி உட்கார்ந்து, அவர்கள் கொடுத்த தேநீரை ஊதி ஊதிக் குடித்தார். நல்ல டீ என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

உள்ளேயிருந்து நிருபமா கையில் தீக்குச்சியோடு எட்டிப் பார்த்து, "தண்ணி!" என்று கூப்பிட்டாள்.

தாட்சாயிணி எழுந்து போனாள்.